வாசகரைத் தேடுதலும் புகழைத் தேடுதலும்



எழுத்தாளர் ஏன் எழுதுகிறார் என்ற கேள்விக்கு இந்திய இலக்கிய மரபில் நெடுங்காலமாக இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த மம்மடர், ‘காவியப் பிரகாசம்’ என்னும் இலக்கண நூலில் கவிதையின் பயன்களை வரிசைப்படுத்தும்போது புகழை முதலிலும் பொருளை அதற்கு அடுத்தும் வைத்தார். அரசவையை நம்பி வாழ்ந்த புலவர் கூட்டத்தின் உண்மை நிலையை அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார் என்றே கொள்ள வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் துளசிதாசரோ, ராமசரிதமானசின் தொடக்கத்திலேயே தம் உள்ளத்து இன்பத்துக்காகவே அதைப் பாடுவதாக அறிவித்தார். ஆனால் அவர் பாடியது சமஸ்கிருதத்தில் அன்று. வடநாட்டு உழவர்கள் பேசிய அவதி மொழியில். தன் இன்பம் ஒன்றே நோக்கம் என்றால் மக்கள் மொழி எதற்கு? அவருடைய வருணாசிரமப் பார்வை தனியே விவாதிக்க வேண்டியது. எனினும், இன்பத்துக்காக எழுதுவதாகச் சொன்னவரும் தமக்கு அப்பால் ஒருவர் கேட்க வேண்டும் என்று விரும்பினார் என்பது இங்கே கவனத்துக்குரியது.

புகழா, இன்பமா என்று மட்டும் கேட்பவர்கள் இந்த மூன்றாவது ஆளை, அதாவது வாசகரை, மறந்துவிடுகிறார்கள். வாசகரைத் தேடுவது வேறு, புகழைத் தேடுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிரேம்சந்தின் வாழ்க்கை துலக்கமாகக் காட்டுகிறது.

காசிக்கு அருகில் லமஹி என்ற சிற்றூரில் 1880இல் பிறந்த தனபத்ராய், பள்ளி ஆசிரியராகவும் பின்னர் கல்வித்துறை ஆய்வாளராகவும் பணிபுரிந்தபடி, ‘நவாப் ராய்’ என்ற பெயரில் உருதுவில் எழுதிவந்தார். 1908இல் அவருடைய ‘சோஸ்-ஏ-வதன்’ என்ற சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. நாட்டுப்பற்றைப் பேசிய அக்கதைகளில் அரசு இராஜதுரோகத்தைக் கண்டது. ஹமீர்பூர் கலெக்டர் அவரை அழைத்து விசாரித்தார். கையிருப்பில் இருந்த படிகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அவை நெருப்புக்கு இரையாயின. இனி எதை எழுதினாலும் அனுமதி பெற்றே அச்சிட வேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது.

அப்போது அவருக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உருது வாசகரிடையே நவாப் ராய் என்ற பெயர் ஓரளவு அறிமுகமாகியிருந்தது. புகழே குறிக்கோளாக இருந்திருந்தால், அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஆட்சியாளர் விரும்பும் கதைகளை அவர் எழுதியிருக்கலாம். எழுதும் இன்பம் ஒன்றே போதும் என்றிருந்தால், எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கலாம். எந்தக் கலெக்டரும் அதைத் தடுத்திருக்கப் போவதில்லை. அவர் இரண்டையும் செய்யவில்லை. ஈட்டிய பெயரைத் துறந்து, யாருக்கும் தெரியாத ஒரு புதுப் பெயரோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். கான்பூரிலிருந்து வந்த ‘ஜமானா’ இதழின் ஆசிரியர் தயாநாராயண் நிகம் எடுத்துக் கொடுத்த பெயர்தான் பிரேம்சந்த். 1910 முதல் அப்பெயரில் கதைகள் வந்தன. பெயர் போனாலும் வாசகர் போகக் கூடாது என்பதே அவருடைய கணக்கு.

பின்னாளில் உருதுவிலிருந்து இந்திக்கு அவர் பெருமளவில் நகர்ந்ததையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று அரசுப் பணியைத் துறந்தார். காசியில் அச்சகம் நடத்தினார். 1930இல் ‘ஹன்ஸ்’ இதழைத் தொடங்கினார். அச்சகமும் இதழும் கடனையே பெருக்கின. அரசும் ஜாமீன் தொகை கேட்டு நெருக்கியது. அந்தக் கடனை அடைப்பதற்காகவே 1934இல் பம்பாய் திரைப்படக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். மில் தொழிலாளரைப் பற்றி அவர் கதை எழுதிய ‘மஜ்தூர்’ தணிக்கையின் தடைக்கு உள்ளாயிற்று. பணமும் வெளிச்சமும் நிறைந்த அந்த உலகில் ஓராண்டுக்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1935இல் காசிக்குத் திரும்பிவிட்டார்.

1936 ஏப்ரலில் இலக்னோவில் கூடிய அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமையேற்று அவர் ஆற்றிய உரை இந்தப் பின்னணியிலிருந்து எழுந்தது. அழகின் அளவுகோலையே மாற்ற வேண்டும் என்று அதில் அவர் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். செல்வத்தை விரும்புவோருக்கு இலக்கியத்தில் இடமில்லை என்றும், மதிப்பையும் மரியாதையையும் பற்றிய கவலை எழுத்தாளரை வாட்ட வேண்டியதில்லை என்றும், தொண்டில் கிடைக்கும் ஆனந்தமே தக்க பரிசு என்றும் அவர் சொன்னது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. முற்போக்கு எழுத்தாளர்களின் முதல் மாநாட்டில், அதன் தலைவர் ஆனந்தம் என்ற சொல்லைக் கூச்சமின்றிப் பயன்படுத்தினார் என்பதை அடிக்கோடிட வேண்டும்.

ஏனெனில், எழுத்து இன்பத்தைக் குட்டி முதலாளித்துவ மனப்பான்மை என்று ஒதுக்கும் போக்கு இயக்கத்துக்குள் இன்றும் இல்லாமல் இல்லை. மாநாட்டுத் தீர்மானத்துக்குப் பாத்திரப் பெயர்கள் சூட்டியது போன்ற கதைகள் அதன் விளைவு. எழுதும்போது எழுதியவருக்கே சலிப்புத் தட்டிய ஒன்றை எட்டு மணி நேரம் எந்திரத்தோடு மல்லாடிவிட்டு வரும் தொழிலாளி ஏன் படிக்க வேண்டும்? மறுபுறம், பெயர் அச்சாகவில்லை, மேடையில் பொன்னாடை போர்த்தவில்லை என்பதற்காக எழுதுவதையே நிறுத்திக்கொள்ளும் தோழர்களும் உண்டு. கிளைச் செய்தியையும் வேலைநிறுத்தச் செய்தியையும் ஆண்டுக்கணக்கில் பெயரின்றி எழுதிவரும் தோழர்களின் உழைப்பில்தான் இயக்க ஏடுகள் நிற்கின்றன. அவர்களுக்குப் புகழ் தேவைப்படவில்லை; ஆனால் படித்தீர்களா, எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்பது தேவைப்படுகிறது. அதைக் கூடச் செய்யாமல் அவர்களுடைய தியாகத்தைப் போற்றிப் பேசுவது நியாயமன்று.

இந்திக் கவிஞர் முக்திபோத்தின் வரலாறு இதன் கடுமையான வடிவம். மார்க்சியத்தை ஏற்ற அவர், ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் ஊர் ஊராக வேலை மாறி, 1958இல் ராஜ்நந்த்காவ் கல்லூரியில் சேர்ந்தார். நீண்ட கவிதைகளை எழுதி எழுதித் திருத்திக்கொண்டே இருந்தார். படைப்பு பிறக்கும் விதத்தைப் பற்றி அவரைப் போல ஆழ்ந்து சிந்தித்தவர்கள் குறைவு. வாழ்க்கையில் பட்ட தீவிர அனுபவம் முதல் கணம். அந்த அனுபவம் சொந்த வேதனையின் வேரிலிருந்து விடுபட்டுக் கற்பனை உருவம் கொள்வது இரண்டாம் கணம். அது சொல்லாக மாறும் உழைப்பு மூன்றாம் கணம் என்று அவர் விளக்கினார். இந்த விளக்கத்தில் தனி மனித இன்பத்துக்கும் இடமுண்டு. ஆனால் சொந்த வேதனையிலேயே ஒருவர் திளைத்துக் கிடந்தால் அவர் முதல் கணத்தைத் தாண்டவில்லை என்று பொருள்.

இந்திய வரலாறும் பண்பாடும் குறித்து மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடநூலை மத்தியப் பிரதேச அரசு 1962இல் தடைசெய்தது. 1964 செப்டம்பர் 11 அன்று தில்லியில் அவர் காலமானார். அவருடைய முதல் கவிதைத் தொகுதி அச்சாகி வந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. புகழ் பிறகு வந்தது, ஏராளமாகவே வந்தது. தகுதியானவரைக் காலம் கைவிடாது என்று இதைக் காட்டி ஆறுதல் சொல்வது எளிது. உயிரோடிருந்தபோது அவருக்குத் தொகுதி ஒன்றைக் கொண்டுவர முடியாத சூழலின் பொறுப்பை அந்த ஆறுதல் மறைத்துவிடுகிறது.

புகழாசை என்பது வசைச் சொல்லாகவும் பயன்படுகிறது. 2015 ஆகஸ்டு 30 அன்று தார்வாடில் எம்.எம். கல்புர்கி சுட்டுக் கொல்லப்பட்ட பின், நயன்தாரா சேகல், அசோக் வாஜ்பாய் உள்ளிட்ட பல எழுத்தாளர்கள் சாகித்திய அகாதமி விருதுகளைத் திருப்பிக் கொடுத்தனர். விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று ஆளும் தரப்பினர் ஏசினர். விருதைப் பெற்றபோது அந்தப் பழி வரவில்லை. திருப்பித் தந்தபோது வந்தது. எவருடைய கையிலிருந்து புகழ் கிடைக்கிறது, எதற்கு விலையாகக் கிடைக்கிறது என்பதை எழுத்தாளர்கள் கேட்கத் தொடங்கியதே உண்மையான குற்றம்.

இலக்னோ மாநாடு நடந்த அதே ஆண்டில் ‘கோதான்’ வெளிவந்தது. பிரேம்சந்தின் உடல்நிலை குலைந்தது. படுக்கையிலும் அவர் ‘மங்கள்சூத்திரம்’ என்ற நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அதன் நாயகர் தேவகுமார் ஓர் எழுத்தாளர். வாழ்நாள் முழுவதும் இலக்கியத்துக்கு உழைத்துப் பெயர் பெற்றவர், பொருள் சேர்க்காதவர். தம் வாழ்க்கை சரியாகத்தான் செலவாயிற்றா என்ற ஐயம் முதுமையில் அவரைப் பற்றிக்கொள்கிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார் என்பது எழுதப்படவில்லை. நான்கு அத்தியாயங்களோடு நாவல் நின்றது. 1936 அக்டோபர் 8 அன்று காசியில் பிரேம்சந்த் மறைந்தார்.