அந்தரங்கம் காத்தல்

(சிங்கவரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமக்கு அண்மையிலுள்ள செஞ்சி இராஜகிரியின் உச்சிக்குச் செல்வோர் பல வாயில்களைக் கடந்து, முடிவில் ஓர் ஆழ்ந்த பிளவைப் பாலத்தின் வழியே தாண்டுதல் வேண்டும். பாலத்தை அகற்றிவிடின், மேலுள்ளார் சிலரேயாயினும் பெரும்படையைத் தடுக்கலாகும். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையிட நேர்ந்தது இத்தகைய அரணை நோக்கியே.

நமது கைப்பேசிக்கு இரகசியச் சொல்லும் ஓ.டி.பி. எண்ணுமே அரண். ஆயினும், உள்ளிருப்போரே கதவைத் திறப்பாராயின் மதிலால் யாது பயன்? வஞ்சகர் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை. இன்சொல்லாலோ அச்சுறுத்தியோ நம்மைக் கொண்டே திறப்பிக்கின்றனர். 'டிஜிட்டல் கைது' என்பது நமது தேசச் சட்டத்தில் இல்லவே இல்லை. வீடியோவில் காக்கியுடையுடன் தோன்றி மிரட்டுவானுக்கு அஞ்சற்க. பணம் பெறுதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் வேண்டுவதேயில்லை. அதனை இடுமாறு கேட்பான் பறிக்க வந்தவனென்றே துணிக.

இனி, நம் சங்கத்தார் சிறப்பாகச் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. முற்காலத்தில் ஜாதகம் பெரியோர் கையிலிருந்து பெரியோர் கைக்கே சென்றது. இக்காலத்திலோ பெண்ணின் புகைப்படம், பிறந்த தேதி, விலாசம், தகப்பனாரின் பேசி எண் யாவும் ஒருங்கே வாட்ஸ்அப் குழுக்களிற் பரவுகின்றன. அனுப்பியவர் பின்னர் அழிப்பினும், பிறர் எடுத்துக்கொண்ட பிரதி திரும்பி வாராது. அப்படத்தைக் கொண்டு பொய்க்கணக்குத் தொடங்குதல் வஞ்சகர்க்கு எளிது.

'நம்மவர்க்குள் மறைப்பதற்கு என்ன உண்டு?' எனச் சிலர் வினவலாம். குழுவிலுள்ளார் நம்மவரேயாயினும், அவர் அனுப்பும் இடமெல்லாம் நம்மவர் இடமாகுமோ? அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை நம் பெண்மக்களுக்கும் உரியதன்றோ? ஆதலின், பொதுவில் வயது, கல்வி, ஜில்லா மாத்திரம் வெளியிடுக. படமும் விலாசமும் காரியதரிசியிடம் இருக்கட்டும். விசாரித்துத் தகுதி கண்ட குடும்பத்தார்க்கே, அப்பெண்ணின் சம்மதம் பெற்று அளித்தல் முறையாகும்.

பணம் இழந்தார் நாணி மறைத்தலாகாது. உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்பின், பணம் கைம்மாறுமுன் தடுக்க இடமுண்டு. வஞ்சிக்கப்பட்டாரை நாம் நகைப்போமாயின் அவர் வாய் திறவார். அம்மௌனமே வஞ்சகர்க்குத் துணையாம். ஆகவே அவர்க்கு ஆறுதல் கூறி, உடன் சென்று உதவுவதே சங்கத்தின் கடமை.

யான் கூறிய ஏற்பாட்டை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு பெரியோர்களை வேண்டி அமைகின்றேன்.