நடக்கிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா?

(நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நாட்றாம்பாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் கடனை அடைக்க வேண்டும். இன்னொரு வீட்டில் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க வேண்டும். மகனை ஹாபிழாக்க வேண்டும், மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், அத்தாவின் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஆளுக்கொரு நிய்யத். எல்லாம் நல்ல நிய்யத்துகள்தாம். ஆனால் ஒரு வருடம் கழித்து, "அந்தக் காரியம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், போய்க்கொண்டிருக்கிறது" என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வது நம் கடமை. ஆனால் எங்கிருந்து புறப்பட்டோம், இப்போது எங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் எதுவும் இல்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

இது புதிதாக எங்கிருந்தோ வந்த யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மார்க்கத்தில் இதற்கு முஹாஸபா என்று பெயர். தன்னைத்தானே கணக்குக் கேட்பது. நாளைக்காக எதை முற்படுத்தி அனுப்பியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளும்படி திருக்குர்ஆன் ஸூரத்துல் ஹஷ்ரில் நம்மை ஏவுகிறது. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் நீங்களே உங்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னது ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்டதுதான். பஸராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 243இல் மறைந்த ஹாரிஸ் (ரஹ்) அவர்களுக்கு அல்முஹாஸிபி என்ற பெயர் நிலைத்ததே, தம்மை இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான். ஹிஜ்ரி 505இல் தூஸ் நகரில் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் அவர்கள் காட்டும் உவமை வியாபாரம். கூட்டாளியிடம் சரக்கை ஒப்படைக்கும் வியாபாரி காலையில் நிபந்தனை பேசுகிறான், பகலில் கண் வைத்திருக்கிறான், கடைசியில் முதல், லாபம், நட்டம் என்று கணக்குக் கேட்கிறான். அதேபோல உன் நஃப்ஸிடமும் கேள் என்கிறார்கள் இமாமவர்கள். காசுக்குக் கணக்குப் பார்க்கிற நாம் ஆயுளுக்குப் பார்ப்பதில்லை.

சரி, கணக்கை எப்படிப் பார்ப்பது? முதல் சிக்கல், உழைப்பும் முன்னேற்றமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான். ஓசூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெஷின் எட்டு மணி நேரமும் ஓடியிருக்கும், ஆளும் வியர்த்துப் போயிருப்பார். ஆனால் சூப்பர்வைசர் எண்ணுவது மெஷின் ஓடிய நேரத்தை அல்ல. தேறிய பீஸ் எத்தனை, ரிஜெக்ட் எத்தனை என்றுதான் எண்ணுவார். நம் காட்டில் ராகி விதைப்பவருக்கும் தெரியும், தாள் இடுப்பளவு வளர்ந்தாலும் கதிர் பிடிக்கவில்லையென்றால் அது மாட்டுக்குத்தான் ஆகும்.

ஹிஃப்ழு மதரஸாக்களில் இந்த ஞானம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. உஸ்தாது அன்றைக்குப் புதிதாக மனனம் செய்த சபக்கை மட்டும் கேட்பதில்லை. சில நாட்களுக்குள் ஓதியதையும் கேட்கிறார். முன்பே முடித்த ஜுஸ்உகளையும் முறைவைத்துத் திருப்பிக் கேட்கிறார். புதிய பக்கங்களை மட்டும் எண்ணினால் பிள்ளை வேகமாகப் போவதுபோல் தெரியும். பழையது நழுவிக்கொண்டிருக்கும். கட்டிய ஒட்டகம் அவிழ்த்துக்கொண்டு ஓடுவதைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து நழுவும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் அல்லவா? ஆகவே பெற்றோர் பிள்ளையிடம், "எத்தனை ஜுஸ்உ முடித்தாய்?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "பார்க்காமல், தடுக்காமல் எத்தனை ஜுஸ்உ ஓதுவாய்?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உண்மையான எண்.

அடுத்தது, ஏமாற்ற முடியாத அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலர், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை நன்றாகவே வருகிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய கதை. அதனால்தான் டாக்டர்கள் மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையையும் எழுதிக்கொடுக்கிறார்கள். ரத்தத்திலுள்ள சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதம் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பது தெரிந்துவிடும். இரண்டு நாள் பத்தியத்தை வைத்து அதை ஏமாற்ற முடியாது. நம் ஒவ்வொரு நோக்கத்துக்கும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும். ரமளானில் ஜமாஅத்துக்கு வந்த எண்ணிக்கையை வைத்துத் தொழுகையில் முன்னேறிவிட்டோம் என்று சொல்லக் கூடாது. ஷவ்வாலுக்குப் பிறகு துல்கஃதாவிலும் ஃபஜ்ருக்கு எழுந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபிமொழி நமக்குச் சொல்கிறது.

மூன்றாவது, கடன் விஷயம். இதை மனம் கனத்துத்தான் சொல்கிறோம். வட்டி ஹராம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு என்று ஏதோ ஒரு நெருக்கடியில் பல குடும்பங்கள் அதில் மாட்டிக்கொண்டிருப்பதும் உண்மை. 3 வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறாமல் மூன்று வருடம் கட்டினால் 54,000 ரூபாய். வாங்கியதைவிட அதிகமாகவே கட்டியாயிற்று. "ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வருகிறோம்" என்று அந்தக் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அசல் 50,000 அப்படியே நிற்கிறது, ஒரு ரூபாய் குறையவில்லை. மூன்று வருட உழைப்பு, பிள்ளைகளின் பால் காசு, அம்மாவின் மருந்துக் காசு எல்லாம் போயும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். கடனில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான்: அசல் எவ்வளவு குறைந்திருக்கிறது? அது குறையவில்லையென்றால், தயங்காமல் நம்மிடம் வாருங்கள். கடனில் மூழ்கியவர்கள் ஸகாத் பெறத் தகுதியானவர்களில் ஒரு பிரிவினர். அது அவர்களுடைய ஹக்கு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான்காவது, இலக்கும் நகர்ந்துகொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கணக்குக்காக ஓர் உதாரணம். ஹஜ்ஜுக்கு இன்று 4 லட்சம் ஆகும், வருடத்துக்கு 20,000 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதம் 2,000 வீதம் வருடத்துக்கு 24,000 சேர்க்கிறார். உண்டியல் நிறைவதுபோல் இருக்கும். ஆனால் இலக்குக்கு அவர் நெருங்கியது வருடத்துக்கு 4,000 ரூபாய்தான். மகளின் நகைக்குச் சேர்ப்பவர்களும் ரூபாயில் எண்ணாமல் கிராமில் எண்ணிப் பாருங்கள். சேர்ந்த பணத்துக்குப் போன வருடம் எத்தனை கிராம் வந்திருக்கும், இந்த வருடம் எத்தனை கிராம் வரும்? கிராம் குறைந்திருந்தால், ரூபாய் கூடியும் நாம் பின்னால்தான் போயிருக்கிறோம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு இருக்கிறது. அதில் தேர்வாகிறவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, 90 நிமிடம். பாடப் பகுதியிலும் அதேபோல் 90 கேள்வி, 90 நிமிடம். டியூஷனுக்கு எத்தனை நாள் போனோம், எத்தனை நோட்டு எழுதினோம் என்பது அந்த அறைக்குள் உதவாது. பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, மாதம் ஒருமுறை வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். போன மாதம் 41, இந்த மாதம் 48 என்றால் அதுதான் முன்னேற்றம். இரண்டு மாதமாக 41 என்றால் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். பிள்ளையைத் திட்டுவதால் மதிப்பெண் ஏறாது.

கணக்குப் பார்க்கப் பலர் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடுமோ என்ற பயம். இங்கே ராமேஸ்வரத்தின் மைந்தர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்விலிருந்து ஒன்றை நினைவுபடுத்துகிறோம். அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பல வருட உழைப்பு. "எல்லாம் போயிற்று" என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை, "நாங்கள் கடுமையாக உழைத்தோமே" என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. ராக்கெட் அனுப்பிய தகவல்களை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார்கள். முதல் கட்டம் சரியாக வேலை செய்திருந்தது. கோளாறு இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்தது. அதைச் சரிசெய்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. முழுவதும் தோல்வி என்று நாம் நினைக்கும் காரியத்தில் எந்தக் கட்டம் சரியாக இருக்கிறது, எந்தக் கட்டத்தில் கோளாறு என்று பிரித்துப் பார்த்தால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒன்றிரண்டாகத்தான் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தக் கணக்கு உங்களுக்கும் உங்களுக்கும் இடையில்தான். பக்கத்து வீட்டார் பெங்களூரில் வேலை பார்க்கிறார், மச்சான் வீடு கட்டிவிட்டார் என்று ஒப்பிட்டால் கணக்கு பொறாமையாகிவிடும். போன வருடத்து உங்களோடு இந்த வருடத்து உங்களை ஒப்பிடுங்கள். இன்னொன்று, முயற்சி நம் கையில், பலன் அல்லாஹ்வின் கையில். மழை பொய்த்தால், ஆலையில் ஆள் குறைத்தால், வீட்டில் நோய் வந்தால் எண்கள் இறங்கத்தான் செய்யும். அது நம் ஈமானின் குறை ஆகாது. அந்த மாதத்தில் பொறுமையோடு இருந்ததும் நன்மைக் கணக்கில் எழுதப்படுகிறது. இக்லாஸையும் மனத்தூய்மையையும் எந்த எண்ணாலும் அளக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து நான்கு வரி எழுதுங்கள். நம் நோக்கம் என்ன? அதைக் காட்டும் எண் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு? நகராமல் நிற்பது எந்தக் கட்டம்? அடுத்த மாதம் மாற்றப்போகும் ஒரே ஒரு காரியம் எது? கால் மணி நேரம் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைகள் எழுதித் தரட்டும்.

நம் அறக்கட்டளையிலும் இன்ஷா அல்லாஹ் இதையே கடைப்பிடிக்கப் போகிறோம். இனி வட்டியில்லாக் கடனுக்கும் கல்வி உதவிக்கும் வருபவர்களோடு உட்கார்ந்து இந்த நான்கு வரியையும் சேர்ந்தே எழுதுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தே பார்ப்போம். யாரையும் குற்றம் பிடிக்க இது இல்லை. எண் நகராமல் நின்றாலும் உதவி நிறுத்தப்படாது, என்ன மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம். நம் கைக்கு வருவது மக்களின் ஸகாத்தும் ஸதகாவும். அது அமானிதம். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று நாம் அறிக்கை வாசித்தால் அது மெஷின் ஓடிய நேரத்தை எண்ணுவதுபோல்தான். எத்தனை குடும்பங்களின் அசல் குறைந்தது, எத்தனை பிள்ளைகள் படிப்பை முடித்தார்கள் என்பதை அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் உங்கள் முன் வைக்கிறோம். அந்தக் கணக்கை நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் நிய்யத்துகளைச் சீராக்கி, நம் கடன்களை நிறைவேற்றித் தந்து, நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்கி, மறுமையின் கணக்கை நமக்கு இலேசாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.