எஞ்சினுக்கு வரும் காய்ச்சல்

காய்ச்சல் என்று வரும் நோயாளிக்கு நல்ல வைத்தியர் எடுத்த எடுப்பிலேயே மருந்தைக் கொடுத்துவிடுவதில்லை. "எப்போது வருகிறது? காலையிலா, மாலையிலா? குளிரும் உண்டா?" என்று விசாரிக்கிறார். காய்ச்சல் தனியொரு நோயன்று. உள்ளே வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்பதன் அறிகுறி. மோட்டார் வண்டியின் எஞ்சின் அளவு மீறிச் சூடாவதும் அப்படிப்பட்டதே. ஆனால் நம் பட்டறைகள் சிலவற்றில் விசாரணைக்கு முன்பே ஸ்பானர் கைக்கு வந்துவிடுகிறது. பணம் போகிறது, சூடு போவதில்லை. ஆகவே, அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி இன்று மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஸிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகிற கணத்தில் அந்த வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி செல்ஸியஸையும் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருக்க, அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டன் எப்படிப் பிழைத்திருக்கிறது? தீ ஒரு கண நேரந்தான் இருக்கிறது. அந்தச் சூட்டை உடனுக்குடன் அகற்ற ஏற்பாடும் இருக்கிறது. பெட்ரோலில் அடங்கிய சக்தியில், சாதாரண வண்டிகளில், மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வேலையாக மாறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதி எஞ்சினின் சுவர்களில் ஏறுகிறது. அதைச் சுமந்து சென்று காற்றிடம் ஒப்படைப்பதுதான் தண்ணீரின் வேலை.

தொடக்க காலத்தில் இந்த வேலை மிகவும் சிரமமாக நடந்தது. 1888-இல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு புதல்வர்களுடன் ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை மோட்டார் வண்டியில் சென்றார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் அடிக்கடி தண்ணீர் தேடி ஊற்றவேண்டியிருந்தது. பின்னர், 1901-இல் வெளிவந்த மெர்ஸிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்களின் வழியே காற்று பாய்ந்து தண்ணீரைக் குளிர்வித்தது. ஆவியாக இழந்த நீரே மீண்டும் மீண்டும் சுற்றி உழைக்கத் தொடங்கியது.

இன்றைய வண்டியிலும் வழி ஏறக்குறைய அதுதான். பம்ப் தண்ணீரை ஸிலிண்டர்களைச் சுற்றித் தள்ளுகிறது. சூடான நீர் மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ்க் குழாய் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. இடையில் தெர்மாஸ்டாட் என்ற சிறு வாயில்காப்போன் உண்டு. அதனுள் மெழுகு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை அது கதவைத் திறப்பதில்லை. எண்பது, தொண்ணூறு டிகிரி அளவில் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கிறது.

ரேடியேட்டர் மூடியை யாரும் அதிகம் மதிப்பதில்லை. உண்மையில் அது நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் உறவினர். 1679-இல் டெனிஸ் பாபின் லண்டனில் காட்டிய அழுத்தப் பாத்திரத்தின் தத்துவமே இரண்டிலும் இருக்கிறது. சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தை மூடி தாங்கினால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் அந்தப் பொறுமை போய்விடும்.

இனி விசாரணைக்கு வருவோம். முதல் கேள்வி, தண்ணீர் இருக்கிறதா என்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் இதைப் பார்க்கவேண்டும். உஷ்ணமானியை மட்டும் நம்புவது சரியன்று. தண்ணீர் முழுவதும் வற்றிவிட்டால், உணர்கருவி வெறும் காற்றில் நிற்கும். முள் சாதுவாகக் கீழே இறங்கிவிடவும் கூடும். எஞ்சின் சாகும் தறுவாயில் மானி சௌக்கியம் என்று சொல்வது வேடிக்கையல்லவா?

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி, எப்போது சூடாகிறது என்பது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது தணிந்தால், விசிறியைச் சந்தேகிக்கலாம். ஓடும் வண்டிக்குக் காற்று தானாகவே கிடைக்கிறது. நிற்கும் வண்டிக்கு விசிறிதான் கதி. மின்விசிறி உள்ள பெரும்பாலான வண்டிகளில் குளிர்சாதனத்தைப் போட்டவுடன் அது சுழலவேண்டும். சுழலாவிட்டால் மின்னிணைப்பையோ மோட்டாரையோ பார்க்கவேண்டும். வண்டியைக் கிளப்பிய சில நிமிஷங்களிலேயே சூடு ஏறி, மேல் குழாய் கொதிக்க, கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மாஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் மட்டும் சூடேறினால், நீரோட்டத்தில் எங்கோ தடை இருக்கிறது.

இந்தக் கடைசி வகையை நான் நேரில் கண்டிருக்கிறேன். என் நண்பர் ஒருவரின் பழைய வண்டி சேலத்துத் தெருக்களில் ஒழுங்காக ஓடும். ஏர்க்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் கொதித்துவிடும். ஒரு பட்டறையில் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். இன்னொன்றில் புதிய பம்ப் பொருத்தினார்கள். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் மலை அந்த வண்டியை ஏறவிடவில்லை. நண்பரின் மகளுக்கு மலைமேல் உள்ள பள்ளியில் படிப்பு. ஆகவே அது உல்லாசப் பயணமும் அன்று.

கடைசியாக, அடிவாரத்தில் மரத்தடியில் கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் போனோம். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "நிற்கும்போது கொதிக்கிறதா, ஏறும்போதா ஐயா?" என்று கேட்டார். பிறகு, "நீங்கள் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதியுங்கள்" என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் குனிந்து கீழ்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வேகம் பிடித்ததும் அந்தக் குழாய், இளநீரை உறிஞ்சி முடித்த காகிதக் குழல் போல, ஒட்டி உள்வாங்கியது. வேகம் குறைந்ததும் பழையபடி உருண்டையாகிவிட்டது! பம்ப் கீழ்க் குழாயிலிருந்துதான் உறிஞ்சுகிறது. குழாய் வயதாகி நொய்ந்திருந்தது. மூடி அழுத்தத்தைத் தாங்காததால் உள்ளிருந்து அதைத் தாங்கிப் பிடிப்பதும் எதுவுமில்லை. நின்றுகொண்டு சோதித்தவர்கள் கண்ணில் அது எப்படிப் படும்? அதோடு, சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏர்க்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி கெட்ட வண்டிக்கு மலை இரட்டைப் பகை. புதிய குழாயும் புதிய மூடியும் மாற்றினார்கள். அதற்கு ஆன செலவு, முன்பு கொடுத்த கூலியில் ஒரு சிறு பகுதி.

தெர்மாஸ்டாட்டைக் கழற்றிவிடுவது நம் நாட்டில் பரவியுள்ள ஒரு தவறான வைத்தியம். வாயில்காப்போனை விரட்டினால் எஞ்சின் உரிய சூட்டை அடைய நேரமாகும், பெட்ரோல் வீணாகும். வண்டிகள் சிலவற்றில், சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும் குறுக்குவழியை அடைப்பதும் அதே தெர்மாஸ்டாட்தான். அங்கே அதை நீக்கினால் சூடு கூடத்தான் செய்யும்.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், எங்கும் ஒழுகாமலே தண்ணீர் குறைந்துகொண்டு வந்தால், விஷயம் பெரிது. வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, எண்ணெய் பால் கலந்த காப்பிபோல மாறியிருக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி எழும்புகிறதா என்று பார்க்கவேண்டும். எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். சூடேறிய வண்டியை, "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டுகிறவர்களுக்கு இது பெரும்பாலும் நேர்கிறது.

வழியில் முள் ஏறிவிட்டால், குளிர்சாதனத்தை நிறுத்தி, வெப்பமூட்டி இருந்தால் அதை முழுவதும் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீர், அழுத்தம் நீங்கிய மறுகணம் ஆவியாகிச் சீறிக்கொண்டு முகத்தில் பாயும். கண்ணே போய்விடக்கூடும். நன்றாக ஆறிய பின்பும், தடித்த துணியை மூடிமேல் போட்டு, முதல் தடுப்பு வரை திருப்பி, மிச்ச அழுத்தம் வெளியேறிய பிறகே முழுவதும் திறக்கவேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடலாம்.

ஊற்றும் தண்ணீரும் முக்கியமானது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கிறது. அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஆகும். பிறகு அதை வடித்துவிட்டு, வாலைவடித்த நீரோடு வண்டிக்கு உரிய கூலண்ட்டைக் கலந்து நிரப்பவேண்டும். கூலண்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற இரசாயனத்தால் ஆனது. அது இனிக்கும், ஆனால் கொடிய விஷம். வடித்த பழைய நீரை வாசலில் விடாமல், குழந்தைகளும் நாய் பூனைகளும் நெருங்க முடியாதபடி மூடிவைத்து, பட்டறையில் சேர்ப்பித்துவிடுங்கள்.