சேவல், சிறுத்தை, ஒரு துண்டு நிலம்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கோடையில் அமெரிக்கா போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நியூயார்க், அண்ணல் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அங்கேயும் போனேன், படமும் எடுத்துக்கொண்டேன். அதை முகநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச நினைப்பது அலபாமா மாநிலத்தில் ஹேன்வில் என்கிற சின்ன ஊரைப் பற்றி. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். என் தோழி ஒருவர் அங்கே பள்ளி ஆசிரியை. ஓர் ஆய்வுப் பயிலரங்கில் பழக்கமானவர், கறுப்பினப் பெண். ஜூன் மாதம் பத்து நாள் அவர் வீட்டில் தங்கியிருந்தேன்.

அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு நேரடி உறவு இருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களில் பாயும் சிறுத்தை புறப்பட்ட இடம் அந்த மாவட்டம்தான். நாம் வழக்கமாக இந்தக் கதையை 1966 ஓக்லாந்தில் தொடங்குவோம். ஹ்யூவி நியூட்டன், பாபி சீல், தோல் சட்டை, துப்பாக்கி. அங்கிருந்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், 1982இல் மதுரையில் மலைச்சாமி, பிறகு விடுதலைச் சிறுத்தைகள். இதில் முதல் படி விட்டுப்போகிறது. ஓக்லாந்துக்காரர்கள் அந்தச் சின்னத்தை எடுத்தது ஹேன்வில்லைத் தலைநகராகக் கொண்ட லவுண்ட்ஸ் மாவட்டத்து விவசாயிகளிடமிருந்து. அது சுவரொட்டிக்காக வரைந்த படம் அல்ல, வாக்குச்சீட்டில் போட வரைந்த தேர்தல் சின்னம்.

1965 தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் கறுப்பின மக்கள். வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பின மக்களின் எண்ணிக்கை பூஜ்யம். குறைவு என்று சொல்லவில்லை தோழர்களே, பூஜ்யம். செல்மாவிலிருந்து மாண்ட்காமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் நடந்த 54 மைல் பாதையில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. ஊர்வலம் கடந்து போய்விட்டது. ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற மாணவர் இயக்கத்து இளைஞர்கள் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களும் ஜான் ஹியூலெட் போன்ற உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து மாவட்ட அளவில் தனிக்கட்சி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காகக் கட்சிக்குச் சின்னம் வேண்டும் என்பது அலபாமா சட்டம். அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். சேவலுக்கு மேலே 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்று வெளிப்படையாகவே அச்சடித்திருந்தார்கள். 1966இல்தான் அதை எடுத்தார்கள். அந்தச் சேவலுக்கு எதிரே நின்றது கருஞ்சிறுத்தை. சேவலைச் சிறுத்தை தின்றுவிடும் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

(இடையில் ஒன்று. இங்கே சிறுத்தையின் பெயரில் கட்சி இருக்கிறது, ஆனால் சின்னம் பானை. விலங்குகளைப் புதிதாகச் சின்னமாக ஒதுக்குவதை நம் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது. பானை நம் வீட்டுப் பொருள், எனக்கு அதில் வருத்தமில்லை.)

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன் நான். அந்த வட்டாரத்தை அவர்கள் 'பிளாக் பெல்ட்' என்கிறார்கள். அந்தப் பெயர் முதலில் மண்ணின் நிறத்தால் வந்தது. வெயிலில் வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி விளைந்த மண், அந்தப் பருத்தியை எடுக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய மண். சாலையோரத்தில் அவித்த கடலை விற்கிறார்கள். வெண்டைக்காய் இல்லாத சமையல் இல்லை. பேருந்து கிடையாது. வண்டியில்லாதவர் வீட்டோடு இருக்கவேண்டியதுதான்.

ஊர் நடுவே வெள்ளை நிறத்தில் நீதிமன்றம். வாக்குரிமை வேலைக்கு வந்த ஜோனதன் டேனியல்ஸ் என்ற வெள்ளையின இறையியல் மாணவரை 1965 ஆகஸ்ட் 20 அன்று ஹேன்வில்லில் ஒரு கடை வாசலில் சுட்டுக்கொன்றார்கள். 17 வயதுக் கறுப்பினப் பெண்ணைத் தள்ளிவிட்டுத் தான் குண்டை வாங்கியவர் அவர். சுட்டவர் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னார். முழுக்க வெள்ளையரே இருந்த ஜூரி அவரை இந்த நீதிமன்றத்தில் விடுதலை செய்தது. 1970 தேர்தலில் ஜான் ஹியூலெட் அதே மாவட்டத்தின் ஷெரீஃப் ஆனார். அவர் காவல் அதிகாரியாக நடந்துபோன சதுக்கத்தை நானும் இரண்டு முறை சுற்றி வந்தேன்.

தோழியின் பாட்டிக்கு வயது எழுபது. அங்கே பெரியவர்களுக்கு 'மேம்' சேர்க்காமல் பதில் சொன்னால் மரியாதைக் குறைவு. எனக்கு அது வாயில் வரவில்லை, 'பாட்டி' என்றே கூப்பிட்டேன். பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டபின் வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட விடவில்லை. ஒருநாள் 80ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அழைத்துப்போய் ஓரிடத்தைக் காட்டினார். வாக்காளராகப் பதிவு செய்த குற்றத்துக்காகப் பண்ணையார்கள் வெளியேற்றிய வாரக் குடியானவர்கள் கூடாரம் போட்டுத் தங்கிய இடம். சில குடும்பங்கள் இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே கிடந்தன. இரவில் ஓடும் காரிலிருந்து கூடாரங்களைப் பார்த்துச் சுடுவார்கள். பாட்டி அப்போது பத்து வயதுப் பிள்ளை. "குண்டைவிடக் குளிர்தான் நினைவிருக்கு. தரையில ஈரம். அப்பாகிட்ட ஓட்டுப் போட்டா வீடு போயிடுமான்னு கேட்டேன். வீடு நம்மது இல்லைன்னு சொன்னாரு" என்றார்.

நான் தமிழ்நாட்டின் தனி ஊராட்சிகளைப் பற்றி ஆய்வு செய்கிறவன். அந்த ஒரு வரியைக் கேட்டபோது பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும்தான் நினைவுக்கு வந்தன. 1996இலிருந்து பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் நடக்கவில்லை, அல்லது வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். பத்திரிகைகள் அதைச் 'சாதி மோதல்' என்று எழுதின. மோத வேண்டுமானால் இரண்டு பக்கமும் நிற்க இடம் வேண்டும். யார் வயலில் காலையில் வேலைக்குப் போக வேண்டுமோ அவருக்கு எதிராக எப்படி வேட்புமனு போடுவது? லவுண்ட்ஸில் முதலில் துணிந்து பதிவு செய்தவர்களில் முக்கியமானவர்கள் சொந்த நிலம் வைத்திருந்த குடும்பங்கள். இயக்கத்து இளைஞர்களுக்குத் தங்க வீடு கொடுத்ததும் அவர்கள்தான். 1966 நவம்பர் தேர்தலில் சிறுத்தைச் சின்னத்தில் நின்ற ஏழு பேரும் தோற்றார்கள். பண்ணையார்கள் தங்கள் குடியானவர்களை லாரியில் ஏற்றிவந்து சேவலுக்குப் போட வைத்தார்கள். சட்டம் வந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. வாக்குரிமை இருந்தது, நிலம் பண்ணையாருடையதாகவே இருந்தது.

மேலவளவு முருகேசனைப் பற்றி இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டினார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பதின்மூன்று பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. இதைத் தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வண்டி ஓட்டினார். பிறகு, "ஜூரி முழுக்க அவங்க ஆளுங்களா?" என்று கேட்டார். நம் ஊரில் ஜூரியே கிடையாது, எல்லாம் அரசாணையில் முடிந்தது என்றேன்.

இனமும் சாதியும் ஒன்றா வேறா என்று புத்தகம் வைத்துச் சண்டை போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. ஆனால் வேறுபாடு ஒன்றைக் கண்ணெதிரே பார்த்தேன். திரும்பும் வழியில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். நடத்துகிறவர் இந்தியர். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். முழுப் பெயர் கேட்டார், தலைப்பெழுத்துதான் உண்டு என்றேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். சைவமா என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அறைக்கு வந்ததும் தோழி கேட்டார்: "எங்களைப் பார்த்தாலே அவங்களுக்குப் போதும். உன்னைக் கண்டுபிடிக்க நாலு கேள்வி கேட்டாரே, அது என்ன?" விளக்க இரவு முழுக்க ஆயிற்று.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பாட்டி வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லை. அந்தக் களிமண் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சாதாரண செப்டிக் டேங்க் அங்கே வேலை செய்யாது. அந்த மண்ணுக்கு ஏற்ற அமைப்பு வைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். இல்லாதவர்கள் கழிப்பறைக் குழாயை நேராகப் பின்கொல்லைக்கு விட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் எல்லாம் வீட்டு வாசலுக்கு வருகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அந்த மாவட்டத்து மக்களிடம் கொக்கிப்புழுத் தொற்றின் தடயத்தைக் கண்டது. பணக்கார நாட்டில் ஒழிந்துவிட்டதாக நினைத்த நோய் அது. இதில் மாநில அரசு செய்தது என்ன? சாக்கடை வசதி வைக்காததற்காக அந்த மக்கள்மீதே வழக்குப் போடுவதாக மிரட்டியது. வேங்கைவயலில் மலம் கலந்த தண்ணீரைக் குடித்த மக்களில் மூன்று பேரைக் கடைசியில் குற்றவாளிகள் என்று சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் என்ற அந்த மாவட்டத்துப் பெண் பல ஆண்டுகள் போராடி இதை வெளியே கொண்டுவந்தார். 2023 மே மாதம் மத்திய நீதித்துறை மாநில சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. வழக்குப் போடக்கூடாது, மக்களுக்கு வசதி செய்து தரவேண்டும் என்று. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. சமத்துவத் திட்டங்களை ஒழிக்கும் கொள்கையில் சாக்கடைக் குழாயும் அகப்பட்டுக்கொண்டது. நான் போனது இரண்டு மாதம் கழித்து. பாட்டி வீட்டுப் பின்பக்கம் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டியிருந்தது.

உதவித் திட்டங்கள் சில இன்னும் இருக்கின்றன. அதற்கு நிலப் பத்திரம் கேட்கிறார்கள். கூடாரத்திலிருந்து வெளியே வந்தபின் பாட்டியின் அப்பா பாடுபட்டு வாங்கிய துண்டு நிலம் அது. உயில் எழுதாமல் இறந்துபோனார். வெள்ளையர் நீதிமன்றத்தில் கால்வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. நம் மொழியில் சொன்னால் கூட்டுப் பட்டா, அதுவும் பெயர் மாற்றாத பட்டா. கடன் கிடைக்காது, மானியம் கிடைக்காது. எங்கோ இருக்கும் ஒரு வாரிசிடம் வெளியாள் பங்கை வாங்கி முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவது தெற்கு முழுக்க நடந்திருக்கிறது. பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சொன்னேன்: 1892இல் வெள்ளைக்கார அரசு நம் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம், பிறர் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. இப்போது யார் கையில் இருக்கிறது என்று தோழி கேட்டார். ஊருக்கு ஊர் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது என்றேன்.

பாட்டியின் நிலத்துக்குப் பதினொரு வாரிசுகள். தோழி பள்ளி விடுமுறையில் செய்கிற வேலை அவர்களைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவதுதான். நான் இருந்தபோது ஐந்து பேரிடம் வாங்கியிருந்தார். டெட்ராய்ட்டில் இருக்கும் ஒரு பெரியப்பா மகனுக்கு நான்தான் கடித உறையில் முகவரி எழுதினேன். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார், இப்போது ஆறு.