சின்னத்தின் பின்பக்கம்



உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்னத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். நீள்வட்டமான வெள்ளிச் சின்னம். ஓரத்தில் லாரல் இலையும் ஓக் இலையும் சேர்த்துக் கட்டிய மாலை. உச்சியில் ஒரு கிரீடம். நடுவே, கீழே நிலம் விரிந்துகிடக்க, மேலே ஒரு விமானம் பறக்கிறது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம் பிறந்தநாளான 1913 ஜனவரி 27 அன்று ஏற்படுத்திய ராணுவ விமானிச் சின்னம் இது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை.

சின்னத்தில் பறக்கும் விமானத்தின் பெயர் டௌபெ. ஜெர்மன் மொழியில் புறா என்று பொருள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஈகோ எட்ரிஹ், காற்றில் மிதந்துபோகும் ஒரு கொடியின் விதையைப் பார்த்து அதன் இறக்கையை அமைத்தார். முதல் உலகப் போர் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே அந்த விமானம் பழசாகிப்போனது. சின்னத்தில் மட்டும் 1918 வரை புறா பறந்துகொண்டே இருந்தது. விமானத்திலிருந்து வேவு பார்த்தவர்களுக்கு 1914இல் தனிச் சின்னம் வந்தது. துப்பாக்கி இயக்கியவர்களுக்கு 1918இல் வந்தது.

இந்தச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விலை ஏறிய இடத்தில் போலியும் வந்து நிற்கும் அல்லவா? தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்ப்பதுபோல இதையும் சோதித்தாக வேண்டும். அனுபவசாலிகள் கையில் வாங்கியதும் முதலில் செய்வது, சின்னத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான். முகப்பை அழகாகச் செய்துவிடலாம். பின்பக்கத்தில் யாரும் அவ்வளவு கவனம் வைப்பதில்லை. கீல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, ஊசி எந்த வடிவம், கொக்கி எந்தக் கம்பி, பற்றவைத்த தடம் எங்கே, பட்டறையின் முத்திரை எந்த எழுத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. பெர்லினில் யுங்கர், லூடன்ஷைடில் அஸ்மன், டிரெஸ்டனில் ஒஸாங் என்று பட்டறைக்குப் பட்டறை அது மாறும்.

நல்ல சின்னம் எஃகு அச்சில் வைத்து அடிக்கப்பட்டது. அதனால் இலை நரம்பும் இறகும் கூர்மையாக நிற்கும். போலி பெரும்பாலும் அசலிலிருந்து அச்செடுத்து உருக்கி ஊற்றிய வார்ப்பு. உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அது அசலைவிட ஒரு மயிரிழை சிறியதாகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குண்டூசி முனையளவு காற்றுக் குழிகள் தெரியும். அச்சில் விழுந்த கீறல்கூட ஒரு சாட்சிதான். ஒரே அச்சில் அடித்த எல்லாச் சின்னங்களிலும் அந்தக் கீறல் அதே இடத்தில் வர வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றது. 1935இல் ஹிட்லர் அரசு அதை வெளிப்படையாக மீறியது. லுஃப்ட்வாஃபே என்ற அந்தப் புதிய படையின் சின்னத்தில் புறா இல்லை. ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றிய கழுகு வந்து உட்கார்ந்தது. மாலை தனியாகவும் கழுகு தனியாகவும் செய்து, இரண்டு ரிவிட் அடித்து இணைத்தார்கள். தொடக்கத்தில் நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்கிற உலோகத்தையும் அலுமினியத்தையும் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் நீண்டு நல்ல உலோகமெல்லாம் ஆயுதத்துக்குப் போனதும் துத்தநாகம் வந்தது. துத்தநாகத்தின் மேல் பூசிய மெருகு நிற்காது. சில ஆண்டுகளில் சாம்பல் பூத்துவிடும். ஆக, 1936இல் கொடுத்தது என்று ஒருவர் துத்தநாகச் சின்னத்தை நீட்டினால் அங்கேயே நாம் நின்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழைய போர் விருதுகளை ஸ்வஸ்திகா இல்லாமல் அணிந்துகொள்ளலாம் என்றது. அதற்காகப் புதிதாகச் செய்த சின்னங்கள் போலியல்ல, ஆனால் போர்க்காலத்தவையும் அல்ல. சில பட்டறைகள் பழைய அச்சுகளை வைத்துக்கொண்டு போருக்குப் பிறகும் அடித்து விற்றன. அச்சு அசல், அடித்த காலம் வேறு. இவற்றைப் பிரித்தறிய உலோகமும் ஊசியும் கொக்கியும்தான் துணை.

ஆனால் நேயர்களே, உலோகம் எவ்வளவு பேசினாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. இதை அணிந்தவர் யார்?

நம் ஊரில் நிலம் வாங்கப் போனால் மண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்போமா? மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கும் அப்படித்தான். ஒரு விமானி விட்டுச்சென்ற சின்னம், பதக்கங்கள், சான்றிதழ்கள், சம்பளப் புத்தகம், பறப்புப் பதிவேடு எல்லாம் ஒன்றாக இருந்தால் அந்தத் தொகுப்பை ஜெர்மானியர் நாஹ்லாஸ் என்பார்கள். ஒருவர் விட்டுப்போனவை என்று பொருள். அதில் மிகச் சிறந்த சாட்சி பறப்புப் பதிவேடு. எந்த விமானம், எங்கிருந்து கிளம்பியது, எப்போது இறங்கியது, எதற்காகப் பறந்தது என்று வரிசை எண் போட்டு எழுதியிருக்கும்.

அதை வைத்து மற்றவற்றைச் சரிபார்க்கலாம். போர்ப் பறப்புகளுக்கென்று லுஃப்ட்வாஃபே ஒரு பட்டைச் சின்னம் கொடுத்தது. 20 பறப்புக்கு வெண்கலம், 60க்கு வெள்ளி, 110க்குத் தங்கம். வெள்ளிக்கான சான்றிதழின் தேதியில் பதிவேடு 35 பறப்புகளைத்தான் காட்டினால் இரண்டில் ஒன்று பொய். அந்தப் பட்டையே 1941 ஜனவரி 30 அன்றுதான் உருவானது. எனவே 1940 தேதியிட்ட சான்றிதழைக் கண்டதும் கீழே வைத்துவிடலாம். தாளையும் சோதிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தாள்களில் வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். புற ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிரும். போர்க்காலத் தாள் அப்படி ஒளிராது.

இதே முறை உயர்ந்த விருதுகளுக்கும் பொருந்தும். நீல எனாமல் பூசிய பூர் ல மெரிட் என்ற சிலுவையை விமானிகளில் முதலில் பெற்றவர்கள் ஓஸ்வால்ட் போல்கேயும் மாக்ஸ் இம்மெல்மனும். நாள் 1916 ஜனவரி 12. அப்போது அது தங்கத்தில் செய்யப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் தங்கமுலாம் பூசிய வெள்ளிக்கு மாறியது. 1918இல் அரசு கொடுத்ததென்று முழுத் தங்கச் சிலுவை ஒன்று விற்பனைக்கு வந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன கிரீடத்துக்கு இப்போது வருகிறேன். ஜெர்மானியப் பேரரசுக்குள் இருந்த அரசுகளில், பவேரியாவின் சின்னத்தில் பவேரியக் கிரீடம், பிரஷ்யாவின் சின்னத்தில் பிரஷ்யக் கிரீடம். கிரீடத்தைப் பொறுத்து, அணிந்தவரைத் தேடும் வழியும் மாறும். 1945 ஏப்ரல் 14 இரவு, போட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுவீச்சில் பிரஷ்ய ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தது. பவேரியாவின் பெயர்ப் பதிவேடுகள் மூனிக் நகரில் பிழைத்தன. பவேரிய வீரர் ஒருவரின் பெயரை இன்றும் அங்கே தேடலாம். பிரஷ்ய வீரர் பலருக்கு, அவர் வீட்டு மேசை இழுப்பறையில் தங்கிய காகிதம்தான் மிச்சமுள்ள ஒரே ஆவணம்.

இதனால்தான் ஒன்று என்னை மிகவும் வருத்துகிறது. தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் வரும் என்று இந்தத் தொகுப்புகளைப் பிரித்துவிடுகிறார்கள். சின்னம் ஒரு ஊருக்கு, பதிவேடு இன்னொரு ஊருக்கு. அன்றோடு அந்தச் சின்னம் பெயரை இழக்கிறது, பதிவேடு சாட்சியை இழக்கிறது. காப்பகம் எரிந்தது போரில். இது நாமே வைக்கும் தீ.

பெயர் தெரிவது முக்கியம் என்று நான் சொல்வது அவர்களைப் போற்றுவதற்காக அல்ல. கழுகுச் சின்னத்தை அணிந்தவர்களின் படை வார்சா மீதும் ராட்டர்டாம் மீதும் குண்டு பொழிந்தது. அந்தச் சின்னத்தைப் பெருமைக்காகப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனி சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. பெயரில்லாத சின்னம் வெறும் அலங்காரமாகிவிடும். பெயரும் தேதியும் பறந்த இடமும் சேர்ந்திருந்தால் அங்கே என்ன நடந்தது என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு வழி திறந்து வைப்பவர்தான் நல்ல சேகரிப்பாளர்.

ஆகவே, இப்படியொரு தொகுப்பு உங்களில் யார் கைக்காவது வந்தால், பிரிக்காதீர்கள். தேய்த்து மெருகேற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். சின்னத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் படம் எடுக்க மறக்காதீர்கள்.