சாவி இல்லாத பேழை

தில்லைத் திருக்கோயிலில் தேவார ஏடுகள் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தாலன்றித் திறத்தல் கூடாதென்றனர் தில்லைவாழ் அந்தணர். மூவரோ முன்னரே இறைவனடி சேர்ந்தவர். இராசராச மன்னன் அம்மூவர் திருவுருவங்களை எழுந்தருளுவித்துக் கதவைத் திறப்பித்தான் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். உள்ளே கறையான் புற்று! எண்ணெய் சொரிந்து எடுத்தபின் எஞ்சியவை சிலவே.

பூரி செகந்நாதர் கோயில் கருவூல உள்ளறைப் பூட்டுகளும், சாவி பொருந்தாமையால், 2024 ஜூலை 14 அன்று அரசு அலுவலர் முன்னிலையில் உடைத்தே திறக்கப்பட்டன.

ஆலங்காயத்து அன்பர்களே! உங்கள் இல்லத்தில் சாவி தொலைந்த பழம்பெட்டி உண்டாயின், பெரியோர் முன்னிலையில், பூட்டுத் திறக்க வல்லாரைக் கொண்டு காலம் தாழ்த்தாது திறப்பீர்களாக. ஏடிருப்பின் கற்றாரிடம் காட்டுவீர்களாக. பூட்டு கள்வரைத் தடுக்கும்; கறையானைத் தடுக்காது. திருச்சிற்றம்பலம்.