எபிசோட் 31: வெளியூர் ஆட்டம் மட்டும்

இந்த வாரம் சிஸ்டம் டிசைன் கிடையாது, லே-ஆஃப் புலம்பலும் கிடையாது. போன எபிசோடுக்கு வந்த மெயில் ஒண்ணுல, வேலைக்கு வெளிய உங்களுக்கு என்னதான் பிடிக்கும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பதில் சொன்னா சிரிப்பீங்க. ரேடியோல பேஸ்பால் கேக்கறது. அதுவும் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ், சுருக்கமா ஏ'ஸ். இப்போ ஓக்லண்ட்ல இல்லாத டீம். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

நான் அமெரிக்கா வந்தது 2019ல, மாஸ்டர்ஸ் படிக்க. வந்து ஏழு மாசத்துல கோவிட். ஃப்ரீமான்ட்ல ரெண்டு பெட்ரூம் வீட்டுல நாலு பேர், நாலு பேருக்கும் ஆன்லைன் கிளாஸ். தனியா உக்கார ஒரு இடம் வேணும்னா என்னோட பழைய கொரோலா மட்டும்தான். அதுல ஆக்ஸ் போர்ட் வேலை செய்யாது. ஏ.எம்., எஃப்.எம். மட்டும். சாயங்காலம் பார்க்கிங்ல வண்டிக்குள்ள உக்காந்து டயலைத் திருப்பிட்டே இருப்பேன். 2020 கோடைல ஒருநாள் 960 ஏ.எம்.ல ஒரு குரல் மாட்டுச்சு. நிதானமா, அவசரமே இல்லாம ஒரு மனுஷன் ஏதோ ஒரு மைதானத்தை எனக்குக் காட்டிட்டு இருந்தார். அவர்தான் கென் கோராக். 1996ல இருந்து ஏ'ஸ் ரேடியோல இருக்கறவர்.

எனக்கு பேஸ்பால் சுத்தமாத் தெரியாது. 'ஸ்ட்ரைக்'னு சொன்னா அடிச்சுட்டான்னு நினைச்சு சந்தோஷப்பட்டிருக்கேன். அடிக்காம விட்டாத்தான் ஸ்ட்ரைக்னு புரிய ஒரு வாரம் ஆச்சு. ஆனா புரியாமலே கேக்க முடிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க தாத்தா ஆகாசவாணியோட தமிழ் கிரிக்கெட் வர்ணனைக்கு அடிமை. அப்துல் ஜப்பார் பேசற மாதிரியே பேசிக் காட்டுவார். டிவி வந்த பிறகும் சத்தத்தைக் குறைச்சுட்டு, "இவனுங்க படத்தைக் காட்டறானுங்க, ஆட்டத்தைச் சொல்லத் தெரியல"ம்பார். அந்த வித்தியாசம் எனக்கு அந்த பார்க்கிங்லதான் புரிஞ்சுது.

கிரிக்கெட் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கணக்கு. ஐ.பி.எல். லீக் கட்டத்துல ஒரு டீமுக்கு 14 ஆட்டம். பேஸ்பால்ல 162. ஆறு மாசம், கிட்டத்தட்ட தினமும். அவ்வளவு ஆட்டத்தையும் எவனும் உக்காந்து பார்க்க முடியாது. அதனால ரேடியோ. சமைக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, வண்டி ஓட்டும்போது பின்னாடி ஓடிட்டே இருக்கும். பெரும்பாலான நாள் ஒண்ணுமே நடக்காது. அதுவும் பிடிச்சுப் போயிடும்.

இந்த டீமுக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவே ஒரு வேடிக்கை. 1978ல ஏ'ஸ் ஓனர் சார்லி ஃபின்லிக்கு சரியான ஸ்டேஷன் அமையல. சீசன் தொடக்க ஆட்டங்களை ஒலிபரப்பினது பெர்க்லி யூனிவர்சிட்டியோட மாணவர் ஸ்டேஷன், கே.ஏ.எல்.எக்ஸ். அதோட சக்தி எவ்வளவு தெரியுமா? 10 வாட்ஸ். நம்ம வீட்டு எல்.இ.டி. பல்பு. 1972, 73, 74னு தொடர்ந்து மூணு வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச டீம், நாலு வருஷம் கழிச்சு ஒரு பல்புல ஓடுச்சு. அந்த மைக்ல பேசின மாணவர்கள்ல ஒருத்தர் லாரி பேர். பின்னாளில் எதிர்க்கரை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கே தலைவரானவர்!

அப்புறம் 1981ல இருந்து 2005ல இறக்கற வரைக்கும் பில் கிங். முறுக்கு மீசை, தாடி, "ஹோலி டொலீடோ!"ன்னு ஒரு கூவல். அவர் இறந்து பல வருஷம் கழிச்சு வந்தவன் நான், பழைய ரெக்கார்டிங்லதான் கேட்டிருக்கேன். இருந்தாலும் ஓக்லண்ட்காரங்க அவரைப் பத்திப் பேசும்போது குடும்பத்துல ஒரு பெரியவரைப் பத்திப் பேசற மாதிரி இருக்கும்.

2020 பிப்ரவரியில, உள்ளூர்ல இனி ரேடியோ ஸ்டேஷனே வேண்டாம், ஆன்லைன் ஸ்ட்ரீமிங் போதும்னு டீம் அறிவிச்சுது. அந்தக் கோடையிலேயே மனசு மாறி 960க்கு வந்தாங்க. மாறலைன்னா நான் அந்தக் குரலைக் கேட்டிருக்கவே மாட்டேன். ஒரு மாணவன் செகண்ட் ஹேண்ட் காருக்குள்ள தற்செயலா டயல் திருப்பற விஷயம் எந்த ஸ்ப்ரெட்ஷீட்லயும் வராது, பாருங்க.

கொஞ்சம் நம்ம வேலை விஷயம். ஸ்ட்ரீமிங்ல ஆடியோவை சில செகண்ட் துண்டுகளா வெட்டி அனுப்புவாங்க. ப்ளேயர் ரெண்டு மூணு துண்டு சேர்ற வரைக்கும் காத்திருந்துதான் ஓட ஆரம்பிக்கும். நடுவுல என்கோடிங், சி.டி.என். எல்லாம் சேர்ந்தா அரை நிமிஷம் சாதாரணமாப் போயிடும். ஏ.எம்.ல அந்தக் காத்திருப்பே இல்ல. மைதானத்துலயே டிரான்சிஸ்டரை காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பெரியவங்களைப் பார்த்திருக்கேன். கண்ணால பார்க்கறதை கிட்டத்தட்ட அதே நொடியில இன்னொருத்தர் சொல்லக் கேக்கணும் அவங்களுக்கு. ஸ்ட்ரீமிங்ல அது நடக்காது.

இன்னொரு வகை ஸ்போர்ட்ஸ் ரேடியோவும் இருக்கு. நாள் முழுக்கப் பேச்சு, நேயர்கள் போன் பண்ணிக் கத்தறது. நியூயார்க்கில் 1987ல டபிள்யூ.எஃப்.ஏ.என். ஆரம்பிச்சு வெச்ச பழக்கம். எனக்கு அது ரொம்ப நாள் பிடிக்கல. நேத்து தோத்ததுக்கு இன்னைக்கு யார் தலையை உருட்டலாம்ங்கற பஞ்சாயத்து. பே ஏரியாவில அந்தப் பஞ்சாயத்துலயும் ஏ'ஸுக்குக் கடைசி வரிசைதான். ஃபார்ட்டி நைனர்ஸ், வாரியர்ஸ், ஜயன்ட்ஸ் எல்லாம் முடிஞ்சு நேரம் இருந்தா நாம.

2023ல அந்த எண்ணம் மாறுச்சு. டீமை லாஸ் வேகஸுக்குக் கொண்டு போறதா ஏப்ரல்ல செய்தி வந்தது. அப்போ போன் பண்ணினவங்க யாரும் கத்தல. ஒருத்தர், அப்பா இறந்த பிறகு அவரோட சீட்டுக்கு இன்னும் டிக்கெட் எடுத்துட்டு இருக்கறதா சொன்னார். அதுக்கு மேல பேச முடியாம நிறுத்திட்டார். நடத்தறவரும் பேசல. விளம்பரத்துக்குப் போயிட்டாங்க. நான் 880ல, டிராஃபிக்ல, ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்த வருஷம் டீம் 50 ஜெயிச்சு 112 தோத்துச்சு. கூட்டம் வரலைன்னு ஓனர் தரப்பு சொல்ல, நல்ல ஆட்டக்காரனை எல்லாம் வித்துட்டா எப்படி வரும்னு ரசிகர்கள் கேட்டாங்க. நான் ரசிகர் பக்கம்தான், நடுநிலைன்னு நடிக்கல. ஜூன் 13 அன்னைக்கு 'ரிவர்ஸ் பாய்காட்'. அதாவது புறக்கணிக்கறதுக்குப் பதிலா எல்லாரும் கிளம்பி வந்து, நாங்க இருக்கோம்னு காட்டறது. 27,759 பேர் வந்தாங்க, பச்சை டி-ஷர்ட்ல 'செல்'னு, அதாவது வித்துட்டுப் போன்னு எழுதிக்கிட்டு.

நான் போகல. ஆன்-கால் டியூட்டி. லேப்டாப்ல அலர்ட், காதுல ரேடியோ. அஞ்சாவது இன்னிங்ஸ் ஆரம்பிச்சப்போ திடீர்னு பின்னணிச் சத்தம் மொத்தமா அறுந்து போச்சு. வர்ணனையாளர் குரல் மட்டும் தனியா நிக்குது. ரைட் ஃபீல்ட் பக்கம் எப்பவும் கேக்கற ட்ரம்ஸ் இல்ல, இரைச்சல் இல்ல. கூட்டத்து மைக் போச்சுன்னே நினைச்சேன். எஞ்சினியர் புத்தி, ரெஃப்ரெஷ் பண்ணக் கை போகுது. அப்புறம்தான் உறைச்சுது, அத்தனை பேரும் வேணும்னே வாயை மூடி நிக்கறாங்க. முதல் பேட்டர் முடிஞ்சதும் வெடிச்சுது, "செல் த டீம்!" அந்த அமைதியை டிவில பார்த்திருந்தா எனக்கு அவ்வளவு பட்டிருக்காது. அன்னைக்கு 2-1னு ஜெயிச்சோம், தொடர்ந்து ஏழாவது வெற்றி.

நவம்பர்ல 30 ஓனர்களும் ஒருமனதா இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டாங்க.

2024 செப்டம்பர் 26, கொலீசியத்துல கடைசி ஆட்டம். இந்தத் தடவை லீவு போட்டேன். பார்ட் ஸ்டேஷன்ல இறங்கி அந்தக் கம்பி வேலி போட்ட நடைபாலத்துல போகும்போதே மேளச் சத்தம். 46,889 பேர். டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2ன்னு ஜெயிச்சோம். எனக்கு அடுத்த சீட்ல எழுபது வயசு இருக்கும், ஒரு அம்மா, மடியில டிரான்சிஸ்டர். ஆட்டம் முடிஞ்சு, மேனேஜர் மார்க் காட்சே மைக் பிடிச்சுப் பேசி முடிச்சு, எல்லாரும் கிளம்பறாங்க. அவங்க எழுந்திரிக்கல. ஒளிபரப்பு முடியற வரைக்கும் இருக்கேன்னாங்க. நானும் உக்காந்துட்டேன். பேட்டரி வாசம் அடிக்கற அந்தச் சின்னப் பெட்டியில ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் கேட்டோம்.

சி.எஸ்.கே. 2016, 17ல இல்லாம இருந்தப்போ நாமெல்லாம் எப்படி இருந்தோம்னு உங்களுக்குத் தெரியும். ஆனா 2018ல வந்துட்டாங்களே. இங்க வர மாட்டாங்க.

2025ல டீம் சாக்ரமென்டோ பக்கம் ஒரு மைனர் லீக் மைதானத்துக்குப் போச்சு. வேகஸ் மைதானம் தயாராகற வரைக்கும் அங்கதான். பேருக்கு முன்னாடி ஊரே கிடையாது, வெறும் 'அத்லெடிக்ஸ்'. கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். ஜயன்ட்ஸை முயற்சி பண்ணினேன், அருமையான வர்ணனை, மனசு ஒட்டல. ஏப்ரல்ல ஒருநாள் தோத்துப் போய் ஏ'ஸைப் போட்டேன். பின்னாடி கூட்டம் கைதட்டுது, ஆனா எனக்குப் பழகின அந்த ட்ரம்ஸ் இல்ல. தெரிஞ்ச வீட்டுக்குள்ள வேற யாரோ குடியிருக்கற மாதிரி. அணைச்சுட்டேன்.

அப்புறம் ஜூலை 25, வெள்ளிக்கிழமை. ஹூஸ்டன்ல ஆட்டம். ஏதோ ஒரு நினைப்புல போட்டுட்டு சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சுட்டு இருக்கேன். நிக் கர்ட்ஸ், முதல் வருஷப் பையன், ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஒரு ஹோம் ரன். ஆறுல ஒண்ணு, எட்டுல ஒண்ணு. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மறுபடி வர்றான். அப்போ பழைய ரூம்மேட்கிட்ட இருந்து வாட்ஸ்அப்: "நாலு!!!" என் காதுல இன்னும் பந்தே போடல. ஸ்ட்ரீமிங் தாமதம், நான்தான் விளக்கம் சொன்னேனே, எனக்கே நடக்குது. தெரிஞ்சும் அந்தப் பந்துக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு ரூக்கி ஒரே ஆட்டத்துல நாலு ஹோம் ரன் அடிச்சது மேஜர் லீக் வரலாற்றுலயே அதுதான் முதல் தடவை. ஆறுக்கு ஆறு ஹிட். 15-3ன்னு ஜெயிச்சோம்.

பாத்தீங்களா, 'ஜெயிச்சோம்'னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு ஏன் உறுத்தலைன்னு யோசிச்சேன். வெளியூர் ஆட்டம்னா பின்னணியில எப்பவுமே அடுத்தவன் கூட்டம்தான். ஹூஸ்டன் கூட்டத்துச் சத்தம் 2021லயும் அப்படித்தான் இருந்துச்சு, இப்பவும் அப்படித்தான் இருக்கு. அதனால இப்போ வெளியூர் ஆட்டம் மட்டும் கேக்கறேன். சீசனுக்கு 81. சொந்த மைதான ஆட்டம் நடக்கற நாள்ல பாட்டு கேட்டுட்டே சமைக்கறேன். ஓனருக்குப் பணம் போகுதான்னா, ஆப் சந்தா மூலமா கொஞ்சம் போகுது, ஆமா. அதைப் பத்தி என்கிட்ட நல்ல பதில் இல்ல.

கொரோலாவைப் போன மாசம் வித்துட்டேன். வாங்க வந்த பையன் ரேடியோவை டெஸ்ட் பண்ணிப் பார்த்தான். ஏ.எம். பட்டன் எதுக்குன்னு கேட்டான். 960ஐ ப்ரீசெட்ல வெச்சபடியே சாவியைக் குடுத்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல வழக்கம்போல டேட்டாபேஸ் மைக்ரேஷன். பார்க்கலாம்.